ஐந்து மாதத்தில் மூன்று ஃபேன் பெல்ட்: ஒரு பழைய ஆம்னி வேனின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் பின்னணியும்

2007ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின். ஏசி இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. திண்டுக்கல்லில் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்தும் ஒருவர் இரண்டாம் கையாக வாங்கியது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அண்டா, தேக்சா, கேஸ் அடுப்பு, சிலிண்டர் ஏற்றுகிறார்கள். முகூர்த்த மாதங்களில் வத்தலகுண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று இரவும் பகலும் ஓட்டம். சராசரியாக மாதம் 1,500 கி.மீ. ஓட்டுவது சம்பளத்துக்கு வைத்த ஓர் இளைஞர்.

ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. காலையில் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் இந்த வண்டிக்கு ஒத்துவராது. சீட்டைச் சாய்த்து மூடியைத் திறக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் பாத்திரம் அடுக்கியிருந்தால் அதையும் நகர்த்த வேண்டும். அதனால் யாரும் திறப்பதில்லை.

இந்த வண்டியில் எஞ்சினுக்கு வெளியே ஓடுவது ஒரே ஒரு வி பெல்ட் (குறுக்கு வெட்டில் V வடிவம்). எஞ்சின் சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓடவிடும் வாட்டர் பம்பையும் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் சுற்றி வருகிறது. ஊரில் எல்லோரும் இதை ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆம்னியின் ரேடியேட்டர் ஃபேன் தனி மோட்டாரில், பேட்டரி மின்சாரத்தில் ஓடுவது. பெல்ட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தப் பெயர்க் குழப்பம் பின்னால் பெரிய செலவு வைத்தது.

2022 ஜூன் இரண்டாம் வாரம், மீட்டர் 1,12,400 காட்டியபோது வாட்டர் பம்ப் ஒழுகியது. வழக்கமாகப் போகும் பட்டறையில் உள்ளூர்த் தயாரிப்பு பம்ப் ஒன்றைப் போட்டு, பெல்ட்டையும் புதிதாக மாற்றினார்கள். பில்லில் எழுதியிருந்தது: "வா.பம்ப் 1, பெல்ட் 1, கூலண்ட், கூலி." எந்த பெல்ட் என்று எழுதவில்லை. உள்ளே கவருக்கு அடியில் இருந்து எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டும் மாறிவிட்டது என்று உரிமையாளர் எடுத்துக்கொண்டார்.

முதல் முறிவு: ஆகஸ்ட், 1,15,500 கி.மீ.

ஆவணி முகூர்த்தத்துக்குச் சமையல் சாமான் ஏற்றிக்கொண்டு இரவு பதினொரு மணிவாக்கில் வத்தலகுண்டு நோக்கிப் போகும்போது, செம்பட்டி தாண்டியதும் டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டரை ஊரில் டைனமோ என்பதால், ஓட்டுநர் அதை "டைனமோ லைட்" என்று அறிந்திருந்தார். ஹெட்லைட் எரிகிறது, எஞ்சின் ஓடுகிறது, மண்டபம் போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார்.

சுமார் 4 கி.மீ. ஓடிய பிறகு வெப்பமானி முள் மேலே ஏறியது. நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் முள் தானாக இறங்கியது. சூடு தணிந்துவிட்டது என்று நினைத்தார். உண்மையில் நடந்தது வேறு. பெல்ட் அறுந்ததால் பம்ப் நின்றுவிட்டது. தண்ணீர் நின்ற இடத்திலேயே கொதித்து வெளியேறிவிட்டது. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் ஆவி மட்டும் இருக்கும்போது முள் குறைவாகக் காட்டுவது உண்டு. எஞ்சின் திணறி நின்ற பின்தான் இறங்கிப் பார்த்தார். சாவியைத் திருப்பினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவது கேட்டது. ஆகவே ஃபேன் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று உரிமையாளரிடம் ஃபோனில் சொன்னார்.

பத்து நிமிடம் கழித்து ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். அலுமினிய ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) அவ்வளவு சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை விடுவது, அது வரை வளையாத ஹெட்டையும் வளைக்கக்கூடிய வேலை. அரை மணியாவது விட்டு, கை வைக்கிற சூட்டுக்கு வந்தபின் ஊற்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அருகிலிருந்த உதிரிபாகக் கடையில் ஒரு பெல்ட் வாங்கி வழியிலேயே மாட்டினார்கள். அறுந்த பெல்ட்டைச் சாலையோரம் எறிந்துவிட்டார்கள்.

இரண்டாவது: செப்டம்பர், 1,16,900 கி.மீ.

புதுப் பெல்ட் மாட்டிய நாளிலிருந்தே காலையில் முதல் ஸ்டார்ட்டில் கீச்சென்று கத்தியது. ஹெட்லைட் போட்டால் இன்னும் கத்தியது. முதல் பட்டறையில் ஆல்டர்னேட்டரைக் கடப்பாறையால் நெம்பி இழுத்து டைட் வைத்தார்கள். சத்தம் ஒரு வாரம் நின்று மறுபடி வந்தது. அடுத்த முறை பெல்ட்டின் மேல் சோப்புத் துண்டைத் தேய்த்துவிட்டார்கள். சோப்பு சத்தத்தை மறைக்கும். பெல்ட் வழுக்குவது அப்படியே இருக்கும், வழுக்குகிற சூட்டில் ரப்பரின் பக்கச் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கி இறுகிப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு டைட் வைத்தாலும் அந்த பெல்ட் பிடிக்காது.

மழையில் தேங்கிய நீரைக் கடந்தபோது பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள்ளேயே திரும்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இந்த முறை விளக்கு எரிந்தவுடன் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் "போன தடவை மட்டமான பெல்ட், இது நல்ல கம்பெனி" என்று வேறொன்று கொடுத்தார்கள். இரண்டாவது பெல்ட் பட்டறையின் குப்பைக் கூடைக்குப் போனது.

மூன்றாவது: அக்டோபர் கடைசி, 1,17,800 கி.மீ.

புரட்டாசியில் கல்யாணம் இல்லாததால் ஓட்டம் குறைவு. ஐப்பசி பிறந்து வேலை சூடு பிடித்ததும் 900 கி.மீ.யிலேயே பெல்ட்டின் ஓரம் பிரிந்து, நூல் புல்லியில் சுற்றிக்கொண்டது. ஆல்டர்னேட்டரிலிருந்து உறுமல் சத்தமும் கேட்டது. உரிமையாளர் வண்டியை வேறொரு பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார். மறுநாள் முகூர்த்தம், ஒரு பெல்ட்டைப் போட்டு மாலைக்குள் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இரண்டாவது பட்டறையின் மூத்த மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, கழன்ற பெல்ட்டுகள் எங்கே என்பது. கையில் இருந்தது மூன்றாவது மட்டும். முதல் பட்டறைக்கு ஆளனுப்பியதில் இரண்டாவது பெல்ட்டும், ஜூனில் கழற்றிய பழைய வாட்டர் பம்பும் கிடைத்தன. பழைய இரும்புக்காரர் அந்த மாதம் வராதது நல்லதாகப் போயிற்று.

பிரித்துப் பார்த்தபோது

மூன்றாவது பெல்ட்: அடிப்பக்கத்தில் வெடிப்பு இல்லை; அதாவது ரப்பர் பழையதாகிக் கெடவில்லை. ஒரு பக்கச் சுவர் சமமாக இருந்தது, மறுபக்கம் தேய்ந்து நூல் வெளியே வந்திருந்தது. பம்ப் புல்லிக்கு முன்புறம் கறுப்புத் தூள் படிந்திருந்தது. ஒரே பக்கம் தேய்ந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். மட்டமான பெல்ட்டாக இருந்தால் இரு பக்கமும் கெட்டிருக்கும்.

இரண்டாவது பெல்ட்: இரு பக்கச் சுவரும் மினுங்கல், அடிப்பாகமும் மினுங்கல். வி பெல்ட் தன் இரு பக்கச் சுவரால் ஆப்பு மாதிரி இறுகித்தான் இழுக்கிறது. அதன் அடி பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்புப் பிடி போய்விடும். வெர்னியரில் அளந்ததில் அதன் மேல் அகலம், இந்த எஞ்சினுக்கு உரிய பெல்ட்டைவிடச் சுமார் 2 மி.மீ. குறைவு. நீளம் சரியாக இருந்ததால் மாட்டியவருக்குச் சந்தேகம் வரவில்லை. கடைகளில் நீளத்தை மட்டும் ஒத்துப்பார்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கார் வி பெல்ட்டில் 10 மி.மீ., 13 மி.மீ. என்று மேல் அகலம் வேறுபடும். பெல்ட்டின் எண்ணில் நீளத்துக்கு முன்னால் வரும் பகுதிதான் அகலத்தைச் சொல்வது.

புல்லிக் கோடு: இரண்டடி இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லி முகத்தில் வைத்துப் பம்ப் புல்லியைப் பார்த்தார்கள். புல்லிகளின் விளிம்புக் கனம் வேறுபடலாம் என்பதால் ஸ்கேலோடு நிறுத்தாமல், விளிம்பிலிருந்து பள்ளத்தின் நடு வரை இரண்டிலும் அளந்தார்கள். பம்ப் புல்லி 3 மி.மீ. முன்னால் நின்றது. வி பெல்ட் ஏறக்குறைய அரை டிகிரி கோணல் வரை தாங்கும், 200 மி.மீ. இடைவெளிக்கு அது 1.7 மி.மீ. இங்கே இருந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காரணம் பம்பிலேயே இருந்தது. எஞ்சினோடு பொருந்தும் கேஸ்கெட் முகத்திலிருந்து, புல்லி உட்காரும் வட்டத் தகடான ஃபிளேஞ்ச் வரை பழைய பம்பில் அளந்து, வண்டியில் இருந்த பம்பிலும் அளந்தார்கள். புதியதில் 3 மி.மீ. கூடுதல். தண்டின் மேல் ஃபிளேஞ்சை அழுத்தி ஏற்றும்போது ஆழம் போதாமல் விட்டிருக்கிறார்கள். பம்ப் ஒழுகவில்லை, சத்தம் இல்லை, பெட்டியில் சரியான எண். கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

ஆல்டர்னேட்டர்: கீழ் போல்ட்டைத் தளர்த்தாமலே ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது 2 மி.மீ. அசைந்தது. போல்ட் துளை முட்டை வடிவமாகிவிட்டது, உள்ளே இருக்க வேண்டிய புஷ் (உலோக வளையம்) இல்லை. பெல்ட் இழுக்கும்போது ஆல்டர்னேட்டர் சாய்ந்து, கோணல் இன்னும் கூடியது. கடப்பாறை டைட்டில் முன் பேரிங் போய்விட்டது. பம்ப் தண்டிலும் ஆட்டம் தொடங்கி, ஒழுகு துளையின் கீழே கூலண்டின் பச்சைக் கறை இருந்தது.

கிராங்க் புல்லி: பள்ளத்தின் சுவர்கள் உட்குழிந்து தேய்ந்திருந்தன. சரியான புதுப் பெல்ட்டை வைத்தபோதும் அது விளிம்பைவிட 1.5 மி.மீ. உள்ளே இறங்கியது. விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ நிற்க வேண்டும்.

மின்சுமை: முன்பக்கம் கூடுதலாக இரண்டு 55 வாட் விளக்கு, ஒரு ஆம்ப்ளிஃபயர். எல்லாம் போட்டு ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) பேட்டரியில் 12.5 வோல்ட், எல்லாம் அணைத்தால் 13.9. இரண்டு விளக்குக்கு மட்டுமே 9 ஆம்பியர் போகிறது. ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு கனமாகப் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஹெட்லைட் போட்டால் கத்தியதற்கு இதுவே காரணம்.

கிராங்க் புல்லி கழன்ற பிறகு டைமிங் கவரைத் திறக்க இன்னும் சில போல்ட்டுகள்தான். திறந்தார்கள். உள்ளே இருந்தது பழைய பெல்ட். பல்லின் அடியில் வெடிப்பு, கீழ்ப்பகுதி எண்ணெயில் ஊறியிருந்தது. ஜூன் மாதப் பில்லின் "பெல்ட் 1" இது இல்லை.

எடுத்த முடிவுகள்

வண்டியை அன்று மாலை கொடுப்பதில்லை என்பதுதான் முதல் முடிவு. உரிமையாளர் கோபப்பட்டார், நியாயமும்கூட, வாடகைக்கு ஒரு லோடு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஜூனிலிருந்து பார்த்தால் பெல்ட்டுகளின் ஆயுள் 3,100, 1,400, 900 கி.மீ. என்று குறைந்துகொண்டே வந்திருந்தது. நான்காவது மண்டபம் போய்ச் சேரும் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

பம்ப் விஷயத்தில் பட்டறையில் இரண்டு கருத்து. ஃபிளேஞ்சை லேத்தில் கொடுத்து 3 மி.மீ. உள்ளே அழுத்தினால் போதும், 150 ரூபாயில் முடியும் என்றார் ஒருவர். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழுத்தும் பாரம் முழுதும் பேரிங் குண்டுகள் வழியாகப் போகும். தண்டு நகர்ந்தால் சீலின் முகம் விலகும். அதோடு அந்தத் தண்டில் ஏற்கெனவே ஆட்டம். பம்ப் பின்தங்கி நின்றிருந்தால் புல்லிக்குப் பின்னால் தகடு வைத்து முன்னே தள்ளலாம். முன்னால் நிற்பதைத் தகடு வைத்துப் பின்னே இழுக்க முடியாது. வேறு பம்ப் வாங்கி, கடையின் மேசையிலேயே ஃபிளேஞ்ச் உயரத்தைப் பழையதோடு அளந்து எடுத்தார்கள். முதலில் காட்டிய ஒன்று அரை மி.மீ. வித்தியாசத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கிராங்க் புல்லி புதிது. ஆல்டர்னேட்டர் துளையை லேத்தில் வட்டமாக்கிப் பித்தளை புஷ் இறக்கி, இரு பேரிங்குகளையும் மாற்றினார்கள். கிராங்க் ஆயில் சீல், டைமிங் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றும் ஒன்றாக மாறின. எண்ணெய் ஊறும் இடத்தில் புது டைமிங் பெல்ட்டை மட்டும் போடுவது காசைச் சாக்கடையில் போடுவது. ஆம்ப்ளிஃபயர் கழன்றது, கூடுதல் விளக்குகள் ரிலே வழியாக ஹை பீமோடு மட்டும் எரியும்படி மாற்றப்பட்டன.

பொருத்திய முறை

டைமிங் பெல்ட்: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சின் லேசாகச் சுற்றும்படி செய்து, மேலே இருக்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லிக் குறியையும் கிராங்க் குறியையும் அவற்றுக்குரிய அடையாளங்களோடு ஒத்துவைத்தார்கள். பெல்ட்டைப் போட்டு, டென்ஷனர் ஸ்பிரிங் தானாக இழுக்கவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று வலப்புறமாகச் சுற்றிய பிறகே டென்ஷனர் போல்ட்டை இறுக்கினார்கள். குறிகள் மறுபடி ஒத்துநின்றனவா என்று பார்த்தபின் கவர் மூடியது. சுற்றும்போது எங்காவது முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்த வேண்டும்.

வெளிப் பெல்ட்: ஸ்கேல் வைத்துக் கோடு பார்த்து, மூன்று புல்லியும் ஒரு மி.மீ.க்குள் வந்ததும் மாட்டினார்கள். விளிம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறும். ஆல்டர்னேட்டரை முழுதும் உள்ளே தள்ளினால் கையாலேயே ஏறும். டைட்டுக்கு, இரண்டு புல்லிக்கு நடுவே 10 கிலோ அழுத்தத்தில் 6 முதல் 9 மி.மீ. வரை இறங்க வேண்டும். கட்டைவிரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவதால், கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசால் பெல்ட்டை 10 கிலோ வரை இழுத்து, குறுக்கே வைத்த ஸ்கேலில் அளந்தார்கள். புதுப் பெல்ட் என்பதால் 6 மி.மீ. வைத்தார்கள். கால் மணி நேரம் ஓட்டி, அணைத்து, ஆறவிட்டுப் பார்த்தபோது 8 ஆகியிருந்தது, மறுபடி 6.5க்குக் கொண்டுவந்தார்கள். 500 கி.மீ.யில் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள், வந்தார்.

பின்னர் நடந்தது

பெல்ட் சத்தமே இல்லை. ஆனால் 2023 தை மாதத்தில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறையத் தொடங்கியது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. வாரம் அரை லிட்டர், காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி. ஹெட்டைக் கழற்றி ஸ்கேலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்ததில் 0.12 மி.மீ. வளைவு, அனுமதி 0.05. ஆகஸ்ட் இரவின் அந்த 4 கி.மீ.யும் பச்சைத் தண்ணீரும் ஐந்து மாதம் கழித்துப் பில் அனுப்பியிருந்தன. ஹெட்டை மட்டம் சீவி, கேஸ்கெட், வால்வ் சீல், கூலி எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய். மூன்று பெல்ட்டின் மொத்த விலை 700ஐத் தாண்டாது.

2023 நவம்பரில் மீட்டர் 1,36,000. அக்டோபர் 2022இல் மாட்டிய அதே வெளிப் பெல்ட் 18,000 கி.மீ.க்கு மேல் ஓடியிருந்தது. பக்கச் சுவர் இரண்டும் ஒரே மாதிரி, இறக்கம் 8 மி.மீ.

இனி மாற்ற வேண்டியவை

அக்டோபரில் வண்டி வந்தபோதே, ஒருமுறை கொதித்த எஞ்சின் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். இரண்டாவது பட்டறை கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யவில்லை; பெல்ட்டிலேயே கவனம் போய்விட்டது. அப்போதே சோதித்து ஹெட் கசிவு தெரிந்திருந்தால், டைமிங் பெல்ட் கழன்றிருந்த அந்த நாளிலேயே ஹெட்டையும் இறக்கியிருக்கலாம். இரண்டு முறை பிரித்த கூலி மிச்சம். இப்போது அங்கே, கொதித்ததாகச் சொல்லும் வண்டிக்கு இந்தச் சோதனை முதலில் நடக்கிறது.

பில்லில் "பெல்ட்" என்று மட்டும் எழுதுவதை நிறுத்தினார்கள். "டைனமோ பெல்ட்", "டைமிங் பெல்ட்" என்று பிரித்து, எண்ணோடும் கி.மீ.யோடும் எழுதுகிறார்கள். கழன்ற பொருளை ஒரு பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுக்கிறார்கள். அவர் எறிந்தால் அது அவர் இஷ்டம். புது வாட்டர் பம்ப் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பழையதைப் பக்கத்தில் வைத்து ஃபிளேஞ்ச் உயரத்தை அளக்காமல் ஏற்றுவதில்லை. இரண்டு நிமிட வேலை. ஜூனில் இதைச் செய்திருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது.

ஓட்டுநரின் டாஷ்போர்டில், பேட்டரி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்: "இது எரிந்தால் தண்ணீர் ஓடவில்லை. அணை." வேனில் அதே எண்ணில் ஒரு பெல்ட்டும் இரண்டு ஸ்பேனரும் டார்ச்சும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் இருக்கின்றன.

தீராத ஒன்று உண்டு. நவம்பரில் பார்த்தபோது டைமிங் கவரின் அடியில் மறுபடி லேசான எண்ணெய் ஈரம். கிராங்க் சீல் புதிது. மேலே கேம் ஆயில் சீலிலிருந்து இறங்குவதாகத் தெரிகிறது. அதை அன்று மாற்றவில்லை. துடைத்துவிட்டு, அடுத்த 1,000 கி.மீ.யில் கவரைத் திறந்து பார்ப்பதாக முடிவு.